இன்சார்ஜ் சிஸ்டரின் பே ஸ்லிப்பைப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன்

நர்ஸ்கள் வெளிநாடு போவது பணத்துக்காகத்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. பணம் ஒரு காரணம்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் பணம் மட்டுமே என்றால், சவூதியில் வரிப் பிடித்தமே இல்லாமல் சம்பளமும் தங்குமிடமும் வாங்கிக்கொண்டிருந்த நான் அதை விட்டுவிட்டு, சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கும் வரிக்கும் போகிற இங்கிலாந்துக்கு வந்திருக்க மாட்டேன். சென்னையில் தனியார் மருத்துவமனை, அப்புறம் சவூதி, இப்போது இங்கிலாந்து என்று மூன்று இடத்திலும் வார்டில் நின்றிருக்கிறேன். ஏன் கிளம்புகிறோம், கிளம்புவதென்று முடிவானால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று ஜூனியர் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். குமரி மாவட்டத்தில் ஆஸ்பத்திரியும் நர்ஸ் வேலையும் புதிதில்லை, நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி 1838லேயே தொடங்கிவிட்டது. எங்கள் தெருவில் வளைகுடாவில் ஒரு அக்காவாவது நர்ஸாக இல்லாத வீடு குறைவு. அதனால் பி.எஸ்சி. நர்சிங் சேரும்போதே, "படிச்சு முடி, ரெண்டு வருஷம் இங்க எக்ஸ்பீரியன்ஸ் எடு, அப்புறம் வெளிய போயிரு" என்று சித்தி கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்பா பேரில் கல்விக் கடன், அது போதாமல் அம்மாவின் வளையல் அடகுக்கடையில். கடனை அடைக்கிற தேதியை வைத்துத்தான் என் வேலை எந்த நாட்டில் என்பதே முடிவானது, என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த "ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்" என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வளைகுடாவில் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளுக்கும் இது நன்றாகத் தெரியும். கோர்ஸ் முடித்த பிள்ளைகள் வருஷா வருஷம் சான்றிதழுக்காக வாசலில் நிற்கும்போது சம்பளத்தை ஏன் ஏற்ற வேண்டும்? மாதாமாதம் வருவது கைச்செலவுப் பணம், உண்மையான கூலி கடைசியில் லெட்டர்ஹெட்டில் அடித்துத் தரும் அந்த ஒரு பக்க அனுபவச் சான்றிதழ்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசவே செய்வார்கள். நான் சேர்ந்த இடத்தில் அசல் சான்றிதழ்களையும் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தார்கள், பாண்ட், அதாவது இத்தனை வருஷம் வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்த காலம், முடியாமல் போனால் பணம் கட்டிவிட்டுத்தான் எடுக்கலாம். எல்லோரும் இரண்டு வருஷத்தில் போய்விடுவதால், அங்கேயே நின்றுவிடுகிறவர்களுக்காகக் கேட்க ஆளே இருக்காது.

அப்படி நின்றுவிட்டவர்தான் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர். பதினைந்து வருஷத்துக்கு மேல் அதே ஐ.சி.யூ. மானிட்டர் அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே நோயாளியின் முகத்தைப் பார்த்து, "சேச்சுரேஷன் இறங்கப் போகுது, சக்‌ஷன் எடு" என்பார். டியூட்டி டாக்டர்கள், அதுவும் புதிதாக வந்தவர்கள், டோஸ் சந்தேகம் என்றால் நேராக அவரிடம்தான் வருவார்கள். காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும், இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொண்டு நிற்பார். ஒரு நாள் பேங்க் லோனுக்கு ஃபாரம் நிரப்பித் தரச் சொல்லி பே ஸ்லிப்பை என் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது எட்டாயிரத்துச் சொச்சம், அவருக்கு அதைப் போல இரண்டு மடங்குகூட வரவில்லை. பதினைந்து வருஷ அனுபவத்துக்கு அந்த மருத்துவமனை வைத்த விலை அவ்வளவுதான். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஃபாரத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தேன். இங்கேயே இருந்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். தொடக்கச் சம்பளம் குறைவு என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த வேலையிலும் முதலில் கஷ்டப்படுவார்கள். அடுத்த படி என்று ஒன்று இல்லவே இல்லை என்பதைப் பொறுக்க முடியாது. அனுபவம் கூடக்கூட டாக்டருக்கு மதிப்பு ஏறும், பில்லிங் கவுண்டரில் இருப்பவர்கூட மேனேஜர் ஆவார், நர்ஸுக்கு மட்டும் வயது ஏறும்.

சட்டம் இல்லையா என்றால், அதற்கான பேச்சு இருக்கிறது. நர்ஸ்கள் சங்கம் போட்ட வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை 25 சதவீதம், 50க்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. அமல்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு என்று போய்விட்டது. பக்கத்திலேயே கேரளத்தில் நர்ஸ்கள் தெருவில் இறங்கி, வேலைநிறுத்தம் என்று அறிவித்த பிறகு, 2018 ஏப்ரலில் குறைந்தபட்சம் 20,000 என்று அரசாணை வந்தது. எங்கள் ஊரிலிருந்து பாறசாலை எட்டிப்பிடிக்கும் தூரம், ஆனால் அந்த ஆணை எல்லை தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை.

"கவர்ன்மென்ட் வேலைக்குப் போயிருக்கலாமே" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். நிரந்தர அரசு வேலை கிடைத்தால் யாருமே கடல் தாண்ட மாட்டார்கள், சத்தியமாகச் சொல்கிறேன். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது, என் கூடப் படித்தவர்களும் எழுதித் தேறினார்கள். சம்பளம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவம் பார்த்தார்கள், அது நடக்காமல் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாவில் 14,000 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுத்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு போகச் சொல்லிவிட்டார்கள். பி.பி.இ. கிட்டுக்குள் வியர்வையில் ஊறிய பிள்ளைகள் அவர்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி வருஷ மாணவி என்ன முடிவெடுப்பாள்?

வேலைப்பளுவையும் சொல்லிவிடுகிறேன். வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் படிக்கும்போது சொல்லித்தந்த கணக்கு, அதைத்தான் தேர்விலும் எழுதுவோம். நைட் டியூட்டியில் மூன்று பேரை ஒருத்தி பார்ப்பது எங்களுக்குச் சாதாரணம். ஒருவருக்கு இன்ஃப்யூஷன் பம்ப் மாற்றும்போது இன்னொருவர் டியூபைப் பிடுங்கிவிட்டால், காலையில் விளக்கக் கடிதம் எழுதுவது நர்ஸ்தான், ஆள் குறைவாகப் போட்டவர் எழுத மாட்டார்.

சவூதியைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம், நிறையப் பேருக்குத் தெரியும். டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு, புரோமெட்ரிக் என்ற கம்ப்யூட்டர் தேர்வு, இரண்டும் முடிந்தால் போகலாம். என் கல்விக் கடனும் அம்மாவின் வளையலும் மீண்டது அங்கேதான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் எத்தனை வருஷம் இருந்தாலும் ஒப்பந்தம் இருக்கும்வரைதான் நாம், புதுப்பிக்கவில்லை என்றால் ஃபைனல் எக்ஸிட், ஒரேயடியாக நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கடன் ஒரு மனுஷியை எவ்வளவு தூரம் கட்டிப்போடும் என்பதற்கு 2014இல் இராக்கின் திக்ரித்தில் சிக்கிய 46 இந்திய நர்ஸ்களை நினைத்துக்கொள்வேன். சுற்றிலும் சண்டை நடக்கும்போதும், சம்பள பாக்கியையும் ஊரில் இருக்கும் கடனையும் நினைத்து அவர்களில் பலர் கிளம்பவே தயங்கினார்கள்.

இங்கிலாந்தில் எனக்குப் பிடித்தது சம்பளத் தொகை அல்ல, அது எல்லோருக்கும் தெரியும்படி அச்சடித்து வைத்திருப்பது. இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இல் சம்பளப் படிகளைப் பேண்ட் என்பார்கள், ஸ்டாஃப் நர்ஸ் என்றால் பேண்ட் 5. 2025-26இல் இங்கிலாந்துப் பகுதியில் தொடக்கம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு, இரண்டு வருஷத்தில் ஒரு படி, நான்கு வருஷத்தில் அதன் உச்சியான 37,796. பேண்ட் 6க்குப் போனால் இவ்வளவு, 7க்கு இவ்வளவு என்று வெப்சைட்டிலேயே இருக்கிறது. யார் பே ஸ்லிப்பையும் தற்செயலாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆள் குறைவாக இருந்தால் டேடிக்ஸ் போடலாம், அதாவது கம்ப்யூட்டரில் புகார்ப் பதிவு. போட்டவுடன் ஆள் வந்துவிடுவதில்லை, ஆனால் ஆபத்து என்று நான் சொன்னது தேதியோடு பதிவாகி இருக்கும்.

இவர்களுக்கு நாம் ஏன் தேவைப்பட்டோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2016இல் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பிறகு ஐரோப்பிய நர்ஸ்கள் வருவது குறைந்தது, 2017இல் இங்கிலாந்தில் நர்சிங் மாணவர்களுக்கான உதவித்தொகையை எடுத்துவிட்டார்கள், அந்த ஓட்டையை இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்களை வைத்து அடைத்தார்கள். அதே நேரம் இந்த ஊர் நர்ஸ்களே சம்பளம் போதவில்லை என்று 2022 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள், பலர் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். உலகம் முழுக்க சுமார் 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை, ஏழு நர்ஸ்களில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வேலை செய்கிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. எல்லா நாட்டிலும் நர்ஸ் மேல்படி தேடிப் போகிறாள், எங்கள் பிள்ளைகளை மட்டும் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று சொல்வது எனக்கு வலிக்கிறது.

ஆனால் இங்கேயும் எல்லாம் சுலபமில்லை. ஊரில் எத்தனை வருஷம் ஐ.சி.யூ. பார்த்திருந்தாலும் பெரும்பாலும் பேண்ட் 5இன் அடியிலிருந்துதான் ஆரம்பம். கண்ணை மூடிக்கொண்டு வெயின் எடுக்கிற கைக்கு, இங்கே தனியாகப் பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கும்வரை கேனுலா போட அனுமதி இல்லை. பேண்ட் 6 இன்டர்வியூவில் நம் ஆட்கள் திரும்பத் திரும்பக் கழிக்கப்படுவதையும் பார்க்கிறேன். வேலையைச் செய்வது போதாது, செய்ததை வாய்விட்டுச் சொல்லவும் தெரிய வேண்டும். ஆடிட், அதாவது வார்டு வேலை முறைப்படி நடக்கிறதா என்ற சோதனை, செய்தீர்களா, ஜூனியருக்குச் சொல்லிக்கொடுத்தீர்களா என்பதை வந்த முதல் மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள்.

சரி, கிளம்புகிறவர்களுக்கு. முதல் வேலை பெயரைச் சரிசெய்வது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய தலைவலி இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், டிகிரியில் பின்னால், நர்சிங் கவுன்சில் பதிவில் இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கல்யாணம் ஆனவர்களுக்குக் கணவர் பெயர் வேறு. வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவருக்கு இது நாலு வெவ்வேறு ஆள். விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே எல்லாத் தாளையும் தரையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாததற்கு நோட்டரி அஃபிடவிட் எடுத்து வையுங்கள். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, வார்டு, பதவி எல்லாம் இருக்க வேண்டும். பே ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரிலீவிங் ஆர்டர் மூன்றையும் வேலையில் இருக்கும்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள், வெளியே வந்த பிறகு எச்.ஆர். போனை எடுக்க மாட்டார்கள்.

அடுத்தது ஆங்கிலம். பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். எழுதலாம், மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஓ.இ.டி. எழுதலாம், நர்ஸுக்கு ஓ.இ.டி.தான் வசதி, ஏனென்றால் கேள்வியே வார்டு விஷயம்தான். யூ.கே. பதிவுக்கு ஓ.இ.டி.யில் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ் வேண்டும். ஒரே முறையில் எல்லாம் வரவில்லை என்றால் பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துக் காட்ட முடியும், அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு, படித்துப் பாருங்கள். நான் தமிழ் மீடியம். எனக்கு உதவியது கோச்சிங் சென்டரின் பெரிய வார்த்தைகள் இல்லை, தினமும் டியூட்டி முடிந்ததும் அன்றைக்கு டிஸ்சார்ஜ் ஆன ஒருவரைப் பற்றி, பெயர் போடாமல், இன்னொரு நர்ஸுக்குக் கடிதம் எழுதிப் பழகியதுதான். கேஸ் நோட்டில் உள்ளதெல்லாம் எழுதாதீர்கள், அந்தக் கடிதத்தை வாங்கிப் படிக்கிறவருக்கு எது வேண்டுமோ அது போதும்.

பணம் கேட்கிற ஏஜென்ட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யூ.கே. சுகாதாரத் துறைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி நர்ஸிடம் வேலைக்காகப் பணம் வாங்கக் கூடாது என்பது அவர்களின் நடத்தை விதி, முறையான ஏஜென்சிகளின் பட்டியலை என்.எச்.எஸ். எம்ப்ளாயர்ஸ் தளத்தில் பார்க்கலாம். வளைகுடாவுக்கு என்றால், ஏஜென்ட்டுகள் லட்சக்கணக்கில் பணம் பிடுங்கியதைப் பார்த்துத்தான் 2015இல் சவூதி, குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு நிறுவனங்கள் மூலம் அனுப்பும் விதியை மத்திய அரசு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜென்ட் யாரானாலும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீது தர வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

முதியோரைப் பராமரிக்கிற கேர் ஹோம் வேலைக்கு விசா என்று யாராவது இன்னும் உங்களிடம் பத்து லட்சம், பன்னிரண்டு லட்சம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக கேர் வொர்க்கர் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் யூ.கே. நிறுத்திவிட்டது. அதற்கு முன்னாலேயே, 2024 மார்ச்சிலிருந்து, அந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துக் கேர் வொர்க்கராக வந்து, வேலை நேரமும் தராத முதலாளியிடம் மாட்டிய தங்கைகள் இந்த ஊரில் எனக்குத் தெரியும். நர்ஸ் பதிவோடு வருவது வேறு, அது வேறு. நர்ஸாக வந்தால் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டி வரலாம்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் சந்தோஷத்தில் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடாதீர்கள். இத்தனை வருஷத்துக்குள் விலகினால் டிக்கெட், விசா, தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு இருக்கும். மாதம் போகப் போக அந்தத் தொகை குறைகிறதா, உச்சவரம்பு எவ்வளவு என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கி வையுங்கள். முதல் சம்பளம் வரும்வரை வீட்டு அட்வான்ஸ், குளிர் உடை, பஸ் பாஸ் எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும்.

ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வு யூ.கே.வுக்கு வந்து சேர்ந்த பிறகு எழுதுவது. பத்து ஸ்டேஷன், அதாவது தனித்தனியாகப் பத்துக் கட்டம். நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் திறமை இல்லை, மௌனம். நமக்குக் கை வேலை செய்யும், வாய் பேசாது. இங்கே உள்ளே போனதும் பெயர் சொல்லி, கையைக் கழுவி, கைப்பட்டையில் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்து, "உங்க பிரஷர் பார்க்கலாமா" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் கையைத் தொட வேண்டும். அலர்ஜி இருக்கா என்று கேட்டதைக்கூடத் தேர்வாளர் காதில் விழும்படி கேட்க வேண்டும். வீட்டில் தலையணையை நோயாளியாக வைத்து உரக்கப் பேசிப் பழகுங்கள். எனக்கு இந்தப் பழக்கம் தேர்வோடு போகவில்லை, சென்னையில் எத்தனை பேரைக் கேட்காமலேயே புரட்டிப் படுக்க வைத்திருப்போம், கேட்க நேரம் எங்கே இருந்தது.

கடைசியாக, இப்போது கிளம்பலாமா என்று கேட்பவர்களுக்கு. யூ.கே.யில் 2024க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து நர்ஸ் எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான ஐந்து வருஷத்தைப் பொதுவாகப் பத்தாக்கும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் வைத்தார்கள். அதனால் ஒரே நாட்டை நம்பி வேலையை விடாதீர்கள். ஜெர்மனிக்கு பி2 வரை ஜெர்மன் வேண்டும், படிக்க ஒரு வருஷமாவது பிடிக்கும், வயது இருபத்தைந்துக்குள் இருப்பவர்கள் அதை இப்போதே தொடங்கலாம். எங்கே போனாலும் ஊரில் உள்ள நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். என் கூடப் படித்த ஒருத்தி அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினாள், பதிவு உயிரோடு இருந்ததால் நாகர்கோவிலில் உடனே வேலைக்குச் சேர முடிந்தது. சம்பளம் கேட்டேன். வெளிநாட்டு அனுபவத்தையும் சேர்த்து, புதிதாகச் சேர்ந்த பிள்ளையைவிட மூவாயிரம் ரூபாய் கூடுதல் போட்டிருக்கிறார்களாம். அவள் அடுத்த மாதம் ஜெர்மன் வகுப்பில் சேர்கிறாள்.